ஏத்துக்கூலி சேர்த்தா, சேர்க்காமலா?

கல்லூரிச் சேர்க்கைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். என் கைவசம் நல்ல வார்த்தை அதிகம் இல்லை. ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது. சர்வீஸ் முழுக்க அதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். கவுண்டரில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே நீங்களும் அதைக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். அதனால் அதை எப்படி விடுவது என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த வார்த்தை ‘பாத்துக்கலாம்’.

சான்றிதழ் சரிபார்ப்பது, தரவரிசை போடுவது எல்லாவற்றையும் இப்போது கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. கம்ப்யூட்டர் தொங்கிப்போனால் நீங்களும் கூடவே தொங்க வேண்டியதுதான், அதற்கு என் அனுபவம் உதவாது. ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு தகப்பன் நின்று, “எல்லாஞ் சேத்து எம்புட்டு ஆகும்?” என்று கேட்பார் பாருங்கள், அங்கேதான் நம்முடைய குட்டு வெளிப்படும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அப்போதைய சூப்பிரண்டு. பெயர் வேண்டாம். அவருடைய பேரன் பேத்திகள் போனும் கையுமாகத் திரிகிறார்கள், யாராவது இதை அவர்களுக்கு அனுப்பிவைத்துவிடுவீர்கள். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப்பையில் மூன்று பேனா, அவற்றில் எழுதுவது ஒன்று. அவர் எனக்குச் சொன்ன தொழில் ரகசியம் இது: “மொத்தத்த மட்டும் சொல்லிறாதம்மா. சொன்னா ஆள் ஓடிருவாக. இப்போதைக்கு இம்புட்டுன்னு சொல்லு. உள்ள வந்தப்பறம் எங்க போயிருவாக?”

உதவித்தொகை வருமா என்று யாராவது கேட்டால் வரும் என்றும் சொல்லக் கூடாது, வராது என்றும் சொல்லக் கூடாது. இரண்டு கையையும் லேசாக விரித்து, முகத்தைக் கோயில் இருக்கும் திசைக்குத் திருப்பிக்கொண்டு, ‘பாத்துக்கலாம்’ என்று சொல்ல வேண்டும். அவர் செய்தால் பெற்றோர் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நானும் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். கை நன்றாகவே விரிந்தது, கும்பிடுதான் விழவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் எங்கள் கல்லூரி உண்மையிலேயே மலிவு. அரசு உதவி பெறும் கல்லூரி, கட்டணம் குறைவு. எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பெண்களுக்கு மாதாமாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. இவ்வளவையும் நாங்கள் எவ்வளவு பக்குவமாக எடுத்துச் சொல்வோம் என்றால், கேட்டுக்கொண்டிருந்தவர் வீட்டை விற்க வேண்டியிருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்.

நான் ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தபோது வந்த ஜூன் மாதம் அது. வேதியியலில் பாதி பெஞ்சு காலி. முதல்வர் தினமும் காலையில் வந்து, நாங்கள்தான் பிள்ளைகளைப் பிடித்து எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறோம் என்பதுபோல எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். அப்படி ஒரு காலையில்தான் ராசு வந்தார். அமராவதிபுதூர்க்காரர், செக்காலை ரோட்டு ஸ்டாண்டில் லோடு ஆட்டோ ஓட்டுபவர். விரலில் வண்டிச் சாவி சுழன்றுகொண்டே இருந்தது. கூடவே மகள் பாண்டிமீனா. அரசுப் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். நம் ஊரில் இருக்கிற ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பள்ளியிலிருந்து ஒருநாள் கூட்டிப்போனார்களாம், அன்றிலிருந்து கெமிஸ்ட்ரி கெமிஸ்ட்ரி என்று உயிரை வாங்குகிறாள் என்று ராசு முறையிட்டார். அவள் மறுக்கவில்லை.

“எல்லாஞ் சேத்து எம்புட்டு மேடம் ஆகும்?” என்று கேட்டார்.

“இப்போதைக்கு ரெண்டாயிரத்து நானூறு கட்டுங்க தம்பி.”

“இப்போதைக்குன்னா?”

“அட்மிஷனுக்கு.”

“அப்பறம்?”

“பரீட்சைக்கு, லேபுக்குன்னு அப்பப்ப வரும். ஸ்காலர்ஷிப் வந்தா கழிச்சுக்கிரலாம்.”

“வரலைன்னா?”

என் கை தானாக விரிந்தது. “பாத்துக்கலாம்.”

“யாரு பாக்குறது, நீங்களா நானா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராசு சிரிக்கவில்லை. “தப்பா நெனைக்காதீக மேடம். நான் லோடு ஆட்டோ ஓட்டுறேன். போன்ல கேட்டா வாடகை அறுநூறும்பேன். சாமான ஏத்துனப்பறம் ஏத்துக்கூலிம்பேன். வாசல்ல போயி எறக்குக்கூலிம்பேன். மாடி வீடுன்னா அதுக்குத் தனி. பீரோ எங்க வண்டியில இருக்கு, பார்ட்டி என்ன செய்வாக? முனங்கிக்கிட்டே குடுப்பாக. நீங்க சொல்றதும் அதே கணக்காத்தான் இருக்கு. அதான் கேக்குறேன், ஏத்துக்கூலி சேத்தா, சேக்காமயா?”

“இது காலேஜ் தம்பி. லோடு ஆட்டோ இல்ல” என்றேன் விறைப்பாக.

“அதான் பயமா இருக்கு. லோடு ஆட்டோன்னா எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, நீட்டிய சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பாண்டிமீனா போகும்போது வேதியியல் ஆய்வகத்தின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அந்த ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை, உடைந்த கண்ணாடிக்கு அட்டை ஒட்டியிருக்கும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் கவுண்டரில் வந்து என்னையே லோடு ஆட்டோ என்று சொல்லிவிட்டாரே என்று அடுத்து வந்த நாலு பேரிடம் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியான இடைவேளையில் மிக்ஸி ஜார் பழுது பார்க்கச் செக்காலைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். எதிரே செல்போன் கடை மாடியில் ஒரே கூட்டம். ‘பாராமெடிக்கல்’ என்று போட்டு, வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒரு வடநாட்டுப் பெண் சிரிக்கும் ப்ளெக்ஸ். எங்கள் கவுண்டரில் இரண்டு நாள் முன்னால் விசாரித்துவிட்டுப் போன தகப்பன்மார் நாலைந்து பேர் அந்த மாடிப்படியில் நின்றார்கள். அந்த நிறுவனத்துக்கு எந்தப் பல்கலைக்கழகமும் அங்கீகாரம் தரவில்லை என்பது ஊரில் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். அதன் சான்றிதழை ஒத்துக்கொள்ளும் ஒரே ஆஸ்பத்திரி அந்த ப்ளெக்ஸில்தான் இருந்தது. நம் பார்ட்டிகளை எப்படி இழுக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று நானும் படியேறினேன்.

உள்ளே இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு இளைஞர் இருந்தார், மேனேஜராம். தங்கச்சி மகளுக்கு விசாரிக்க வந்ததாகச் சொன்னேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். எங்கள் கல்லூரியில் பெற்றோருக்கு உட்கார நாற்காலி கேட்டு நான் அனுப்பிய கோப்பு அப்போது இரண்டாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

“எவ்வளவு ஆகும் தம்பி?”

“ரெண்டு வருசம்மா. யூனிபார்ம், புக்கு, மத்தியானச் சாப்பாடு, பரீட்சை எல்லாஞ் சேத்து எழுபத்தஞ்சாயிரம். அதுக்கு மேல ஒரு ரூபா கேட்டா எங்கள நடுரோட்டுல வச்சு ஏசுங்க.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

“சர்டிபிகேட்டுக்கு யார் அங்கீகாரம் குடுத்திருக்காக?”

மேனேஜர் இரண்டு கையையும் லேசாக விரித்தார். “அதெல்லாம் பாத்துக்கலாம்மா.”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. நாங்கள் நல்ல சரக்கை வைத்துக்கொண்டு விலையை மறைத்தோம். இவர் விலையைப் பளிச்சென்று சொல்லிவிட்டுச் சரக்கை மறைத்தார். கையில் காசில்லாத மனுஷன் எதை முதலில் கேட்பார்? விலையைத்தான். கேட்டதற்குப் பதில் சொன்னவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

இறங்கும்போது படியில் ராசுவும் பாண்டிமீனாவும் எதிரே ஏறி வந்தார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு முன்பணமும் அசல் சான்றிதழ்களும் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டாராம், யூனிபார்முக்கு அளவு கொடுக்க வந்திருக்கிறார்கள். இந்த மாதிரி இடத்தில் அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டால் முழுத் தொகையையும் கட்டாமல் திரும்பி வராது. அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் மனம் மாறி எங்கள் கல்லூரிக்கு வர நினைத்தாலும் வர முடியாது. வாங்கிய கடனை ராசு கட்டிக்கொண்டே இருப்பார், பிள்ளை ஏதாவது ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

“தம்பி, இங்க சேக்காதீக. இவுக குடுக்குற பேப்பர எங்கயும் எடுத்துக்கிற மாட்டாக. நம்ம காலேஜ்ல இதுல பாதிகூட ஆகாது” என்றேன்.

“பாதின்னா எம்புட்டு மேடம்?”

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். இரண்டாவது விரலிலேயே கணக்கு நின்றுவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கல்லூரிக்கு ஆள் சேர்த்திருக்கிறேன், அங்கே படித்து முடிக்க மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியாது.

“பாத்தீகளா” என்றார் ராசு. குரலில் கேலி இல்லை, அதுதான் சுட்டது. “இவரு கூடுதலாத்தான் கேக்குறாரு, எனக்குந் தெரியும். ஆனா சொல்றாருல்ல? எழுபத்தஞ்சுன்னு தெரிஞ்சா நான் போயி நாலு பேர்ட்ட கேக்கலாம். எம்புட்டுப்பா வேணும்பாக. ‘பாத்துக்கலாம்ணே’ன்னு சொன்னா எவராச்சும் குடுப்பாகளா?”

பாண்டிமீனா அதுவரை படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மேடம், எனக்குக் கெமிஸ்ட்ரிதான் ஆசை. ஆனா எங்க அத்தை மகன் ஒங்க காலேஜ்லதான் ரெண்டாம் வருசத்துல பீஸ் கட்ட முடியாம நின்டுட்டான். இன்னக்கி வரைக்கும் ஊருல அவனக் ‘காலேசு’ன்னுதான் கூப்பிடுறாக. அப்புடி நடுவுல நிக்கிறதுக்குச் சேராமயே இருந்துறலாம்ல?”

கட்ட முடியாது என்று அவள் சொல்லவில்லை, கவனித்தீர்களா? எங்கே போய் முடியும் என்று தெரியாத ஒன்றில் ஏற மாட்டேன் என்றாள். பதினேழு வயதுப் பிள்ளை அவ்வளவு யோசித்திருக்கிறாள், நான் அவளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. படியில் நின்று அழுதால் மேனேஜர் டீக்கடைப் பையனை மறுபடி அனுப்புவார் என்று அடக்கிக்கொண்டேன்.

“மொத்தத்தச் சொன்னா நம்ம காலேஜ்ல சேப்பீகளா?” என்று ராசுவிடம் கேட்டேன்.

ராசு யோசித்தார். “சொல்றதுன்னா ஸ்டாண்டுல வந்து சொல்லுங்க.”

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். அந்த லோடு ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. போனில் பேசிய வாடகை மாறும், ரோட்டில் கைகாட்டி நிறுத்திப் பேசியது மாறும். ஆனால் ஸ்டாண்டில், மற்ற டிரைவர்கள் காதில் விழச் சத்தமாகப் பேசிய வாடகை மாறவே மாறாது. அதற்கு மேல் டிரைவர் கேட்டால் அன்றைக்கு அவருக்கு வரிசை கிடையாது. பார்ட்டி குறைத்துக் கொடுத்தால் அந்தப் பார்ட்டிக்கு அப்புறம் எந்த வண்டியும் வராது. கையெழுத்து, முத்திரை ஒன்றும் வேண்டாம். எங்கள் கல்லூரி லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்திருந்தால்கூட ராசு நம்பியிருக்க மாட்டார். அந்த லெட்டர்பேடில்தானே அவருடைய அக்கா மகனுக்குக் கட்டணப் பாக்கி நோட்டீஸ் வந்தது.

மிக்ஸி ஜாரை மறந்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடினேன். அன்றைக்கு நேரிலும், மறுநாள் ஞாயிறு என்பதால் போனிலும் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. தேர்வுப் பிரிவில் கேட்டால், “எத்தனை பேப்பர் எழுதுவாங்கறதப் பொறுத்து” என்றார்கள். நூலகத்தில், “லேட்டாத் திருப்பிக் குடுத்தா பைன் உண்டு, அதச் சேக்கவா வேணாமா?” என்றார்கள். விளையாட்டுக் கட்டணம் எதற்கு வாங்குகிறோம் என்று விளையாட்டு ஆசிரியருக்கே தெரியவில்லை. துறைச் சங்கத்துக்கு ஒரு கட்டணம் இருந்தது, அது வருஷத்துக்கு ஒருநாள் வடையாக மாறும். வடைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டதும் துறைத்தலைவர் என்னை ஆடிட் ஆள் என்று நினைத்துப் பேச்சை மாற்றினார். அந்தக் கல்லூரியில் வேலை பார்த்த ஒருவருக்கும் அந்தக் கல்லூரியின் விலை தெரியாது. ஆளுக்கொரு துண்டு தெரியும்.

முதல்வருக்குப் போன் செய்தேன். மூன்று வருஷத்துக்கும் இதுதான், இதற்கு மேல் போகாது என்று ஒரு தொகையைச் சொல்ல அனுமதி கேட்டேன். “ஸ்காலர்ஷிப் வராமப் போயிட்டா நாளைக்கு யார் பொறுப்பு? செயலர்கிட்ட கேக்கணும். அவர் சிங்கப்பூர்ல மகன் வீட்டுல இருக்கார். வந்ததும் பாத்துக்கலாம்” என்றார். திங்கட்கிழமை காலை சிங்கப்பூருக்கும் விடியும்தான், ஆனால் செயலர் அதற்குள் விமானம் ஏற மாட்டார்.

அப்போது நான் யோசித்ததைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். என் சர்வீஸில் தகுதியுள்ள பிள்ளைக்கு உதவித்தொகை வராமல் போனதாக எனக்கு நினைவில்லை. தாமதமாக வரும், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தைக் கல்லூரி தாங்கும். நம் கட்டடம் எங்கேயும் ஓடிப்போகாது. ராசுவின் வண்டிக்கு மாதத் தவணை ஒருநாள் தள்ளினால் பைனான்ஸ்காரர் வந்து சாவியைப் பிடுங்குவார். தாங்கக் கூடியவர்கள் நாம், ஆனால் பயத்தை அவர் தலையில் ஏற்றி வைத்திருந்தோம். ஆகவே ஒரு உதவியும் வராது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கட்டணம் ஏறினால் தாங்கவும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். இருபத்தெட்டாயிரம் வந்தது. அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டா என்று கேட்காதீர்கள். கிடையாது.

திங்கட்கிழமை காலை ஸ்டாண்டுக்குப் போய் இறங்கினேன். வேப்பமரத்தடியில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. ராசு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார் போல, எல்லாரும் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிமீனா அப்பாவின் வண்டியில், முன்சீட்டில் சான்றிதழ்ப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பை அடுத்த அரைமணி நேரத்தில் எந்தப் பக்கம் போகும் என்பது என் வாயில் இருந்தது.

“மூணு வருசம். எல்லாஞ் சேத்து இருபத்தெட்டாயிரம். இதுக்கு மேல போகாது. ஸ்காலர்ஷிப், மாசாமாசம் வர்ற ஆயிரம் எல்லாம் இதுல சேக்கல. அது வந்தா அம்புட்டும் ஒங்களுக்கு” என்றேன் சத்தமாக.

விசாரணை ஆரம்பித்தது.

“பரீட்சை?” என்றார் ஒருவர்.

“சேத்து.”

“லேபு?”

“சேத்து.”

“வெள்ளக் கோட்டு?”

“கோட்டு, ரெக்கார்டு நோட்டு, எல்லாஞ் சேத்து.”

“டூரு?”

“டூரு தனி. போகலைன்னா ஒண்ணும் கொறஞ்சுறாது.”

“மார்க்குக் கொறஞ்சு திருப்பி எழுதுனா?”

“அதுவும் தனி” என்றேன். வண்டிக்குள்ளிருந்து, “நான் அப்புடி எழுத மாட்டேன்” என்று பாண்டிமீனாவின் குரல் வந்தது.

கடைசியாக ஒரு வயதான டிரைவர் வாயைத் திறந்தார். நம் ஊர்ப் பழம்பொருள் கடைகளுக்கு நிலைக்கண்ணாடி, பீங்கான், சரவிளக்கு என்று ஏற்றிப் போவதே அவர் பிழைப்பு. “ஒடசல் யாரு கணக்கு?”

நான் அதை மறந்தே போயிருந்தேன். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் உடைந்தால் பிள்ளைகளிடம் வசூலிப்போம், வருஷக் கடைசியில் தனியாக ஒரு பில் போகும். எவ்வளவு உடையும் என்று யாருக்குத் தெரியும்? எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். ராசுவின் விரலில் சாவி நின்றுவிட்டது. ‘அதப் பாத்துக்கலாம்’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை மட்டும் சொல்லியிருந்தால் பை மாடிப்படி ஏறியிருக்கும்.

“ஒடசல் எங்க கணக்கு” என்றேன்.

பெரியவர் தலையை ஆட்டினார். யாரோ டீ சொன்னார்கள். டீ வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ராசு எழுந்து சாவியை மறுபடி சுழற்றினார். “சரி மேடம். ஏறுங்க, போவம்.”

கல்லூரிக்கு லோடு ஆட்டோவில்தான் போய் இறங்கினேன். காவலாளி வண்டியைப் பார்த்துவிட்டு, சாமான் இறக்குவது கேன்டீன் பக்கம் என்று கையைக் காட்டினார். பாண்டிமீனா அவள் கையாலேயே பையைக் கவுண்டருக்குள் நீட்டினாள். நான் ரசீது போட்டேன்.

விஷயம் தெரிந்ததும் முதல்வர் கூப்பிட்டனுப்பி, யாரைக் கேட்டுச் சொன்னீர்கள் என்றார். சஸ்பெண்ட், விசாரணை என்றெல்லாம் முனகினார். ஆனால் அந்த வார முடிவுக்குள் ஸ்டாண்டிலிருந்து இன்னும் மூன்று டிரைவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், ஒருத்தர் மைத்துனர் மகளையும் சேர்த்து அழைத்து வந்தார். அவர்கள் யாரும் ‘எம்புட்டு ஆகும்’ என்று கேட்கவில்லை, நேராகச் சான்றிதழை நீட்டினார்கள். காலி பெஞ்சு நிரம்ப நிரம்ப முதல்வரின் முனகல் குறைந்தது. செயலர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அது முதல்வரின் யோசனையாகவே ஆகிவிட்டிருந்தது. நானும் திருத்தப் போகவில்லை.

ஒரு பைசா கட்டணத்தை நாங்கள் குறைக்கவில்லை, அதைக் கவனியுங்கள். அதே கட்டணம், அதே உதவித்தொகை. கடைசியில் சொல்லிக்கொண்டிருந்ததை முதலில் சொன்னோம், அவ்வளவுதான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது சும்மா வரவில்லை. சேர்ந்த முதல் மாதமே பாண்டிமீனா பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை உடைத்தாள். அதுவரைக்கும் அதைக் கையில் தொட்டிராத பிள்ளை, உடைக்கத்தான் செய்வாள். அந்தக் காசு என் பர்ஸிலிருந்து போயிற்று, அதன் பிறகு ஆய்வகத்துப் பக்கம் போகும்போதெல்லாம் அவளை நான் பார்த்த பார்வையில் அடுத்தது உடையவில்லை. இரண்டாம் வருஷம் தேர்வுக் கட்டணம் ஏறியது. நான் போட்டிருந்த கூடுதல் கொஞ்சம் தாங்கியது, மிச்சத்துக்குத் துறைச் சங்கத்து வடையை நிறுத்தினேன். துறைத்தலைவர் என்னோடு பேசுவதையும் நிறுத்தினார். உதவித்தொகை வழக்கம்போல ஆடி அசைந்து வந்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததும் ராசு நேராக என் கவுண்டருக்கு வந்துவிட்டார்.

“இது என்ன மேடம் காசு? பின்னால எதுக்கும் புடிப்பீகளா?”

“ஒங்க காசு தம்பி. ஸ்டாண்டுல சொன்னேன்ல?”

“சொன்னீக. ஆனா இப்புடி வரும்னு நெனைக்கல” என்றார். போனை நீட்டி, தொகையை என்னையே ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னார். அப்புறம் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் பழைய சூப்பிரண்டு மொத்தத்தைச் சொன்னால் ஆள் ஓடிவிடுவார்கள் என்றார் அல்லவா? ஓடுவார்கள்தான், சிலர். ஆனால் சொல்லாததால் எத்தனை பேர் ஓடினார்கள் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அவர்கள் கவுண்டருக்கே வருவதில்லை. அவர் நல்ல மனுஷர், எனக்கு நிறையச் செய்திருக்கிறார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சுத்தப் பேத்தல்.

நான் ஓய்வு பெற்றது போன மே மாதம். பாண்டிமீனாவின் கடைசித் தேர்வு அதே மாதம்தான் முடிந்தது. பிரிவு உபசார விழாவில் எனக்கு மூன்று பொன்னாடையும், ஆள் உயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடியும் கொடுத்தார்கள். ரிட்டையர் ஆகும் பெண்பிள்ளைக்கு ஆள் உயரக் கண்ணாடி எதற்கு என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அதையும் என் மேஜையில் சேர்ந்துகிடந்த மூட்டை முடிச்சையும் வீட்டுக்குக் கொண்டுபோக ராசுவுக்குப் போன் செய்தேன். மகளோடு வந்தார். மேற்படிப்புக்குப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு வருகிறாளாம். இரண்டு வருஷத்துக்கும் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று அங்கே கவுண்டரில் கேட்டு, பதில் வாங்காமல் நகரவில்லையாம்.

கண்ணாடியைத் துணி சுற்றி, நாலு பேர் பிடித்து வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் வாடகையே பேசவில்லை.

“தம்பி, எம்புட்டு வாடகை?”

ராசு கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையையும் லேசாக விரித்தார். முகத்தைக் கோயில் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பாத்துக்கலாம் மேடம், ஏறுங்க.”

உண்மையாகவே சொல்கிறேன், விளையாட்டு என்று தெரிந்தும் என் கை பர்ஸைத் தேடியது. என் சாமான் அவர் வண்டியில் இருக்கிறது, வீடு மாடியில் இருக்கிறது, கண்ணாடி உடையுமா உடையாதா தெரியாது, பர்ஸில் எவ்வளவு இருக்கிறது என்று மனசு எண்ண ஆரம்பித்துவிட்டது. ஏறவும் முடியவில்லை, இறக்கச் சொல்லவும் முடியவில்லை. எத்தனை ஆயிரம் பேரை இப்படி நிற்க வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, வண்டிப் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றேன்.

முன்சீட்டிலிருந்து பாண்டிமீனா தலையை நீட்டினாள்.

“அப்பா, மொத்தத்தச் சொல்லுங்க.”

“சும்மா கேலிக்குத்தான்டி.”

“கேலிக்குன்னாலும் சொல்லுங்க” என்றாள். பிறகு என்னைப் பார்த்துத் தானே சொன்னாள்: “ஏத்துக்கூலி, எறக்குக்கூலி, மாடி எல்லாஞ் சேத்து எண்ணூறு மேடம். ஒடசல் எங்க கணக்கு.”

ஏறி உட்கார்ந்தேன்.